எஸ்கேப் சாவிக்குக் கீழே

மகளிர் விடுதி, சென்னை
6.7.2025

பூவரசனுக்கு,

மாமா என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. இந்தக் கடிதம் முழுக்க நீ வெறும் பூவரசன்.

என் போன் ரிப்பேர் ஆகவில்லை. உன் நம்பரை பிளாக் செய்தவள் நானேதான். அத்தை போனிலிருந்தும் கூப்பிடாதே, அவளை இதில் இழுக்காதே. பதில் இருந்தால் காகிதத்தில் எழுதித் தபாலில் போடு. வாட்ஸ்அப்பில் என்றால் அனுப்புவாய், நான் படிப்பதற்குள் அழிப்பாய், அப்புறம் "நான் எப்போ அப்படிச் சொன்னேன்" என்பாய். காகிதத்தில் அந்த வித்தை நடக்காது.

போன சனிக்கிழமை கல்லூரிகளுக்கு நடுவே துப்பாக்கி விளையாட்டுப் போட்டி. உன் கம்ப்யூட்டர் சென்டரில் ஆடுகிறோமே, அதே விளையாட்டு, அதே மேப். அணிக்கு ஐந்து பேர். இங்கே சேர்ந்ததிலிருந்து நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமில்லை. வேம்படிக்குப்பத்தில் என் பெயர் நண்டு, சாகாத நண்டு என்றே கூப்பிடுவார்கள், இரண்டு வருஷமாக என்னைச் சுட்டு வீழ்த்திய ஆள் இல்லை என்று. அணித்தலைவி ஜெனிஃபர் அதை நம்பி என்னை முன்னால் நிறுத்தினாள்.

முதல் ரவுண்டில் பதினோரு நொடி உயிரோடு இருந்தேன். இரண்டாவதில் ஏழு. மொத்தம் பத்தொன்பது தடவை செத்தேன், ஒருவரைக்கூடச் சுடவில்லை. பின்னாலிருந்து யாரோ, "இன்னாடி, இந்த நண்டு கொழம்பாய்டுச்சி"ன்னு சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தைவிட குழப்பம்தான் பெரிதாக இருந்தது. எப்போதும் செய்வதைத்தானே செய்தேன். நடுத்தெருவில் நேராக நடந்து போனேன். நம் சர்வரில் அப்படித்தான் போவேன்.

விடுதிக்கு வந்ததும் ஜெனிஃபர், "உங்க ஊர்ல ஆடின ரெக்கார்டிங் எதாவது வெச்சிருக்கியா?" என்றாள். பெருமைக்காகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். அவள் அதை மெதுவாக ஓடவிட்டு எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தேழு குண்டு என் மேல் பட்டது. என் உயிர் நூறில் ஆரம்பித்து நூறிலேயே நின்றது.

"கலை, உனக்கு யாரோ சாகாவரம் குடுத்திருக்காங்க. சர்வர் வெச்சிருக்கறவன் கன்சோலைத் தொறந்து ஒரு வரி அடிச்சா போதும். உங்க சர்வர் யாரோடது?"

என் அத்தை மகனுடையது என்றேன். அவள் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இரண்டு வருஷம் நான் ஆடியது எதுவும் நான் ஆடியது இல்லையா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை எழுது போதும்.

கலைவாணி

•

வேம்படிக்குப்பம், பழவேற்காடு
10.7.2025

அன்புள்ள கலை,

ஆமாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியை நானாக எழுதுகிறேன், கோபம் வந்தால் இதோடு மடித்து வைத்துவிடு. தபால் ஆபீசில் கவர் கேட்டபோது அந்த அக்கா, "இன்னாப்பா, கோர்ட்டுக்கா எழுதற?" என்றார். ஏறத்தாழ அப்படித்தான் என்றேன்.

நீ முதன்முதலாக சென்டருக்கு வந்த நாள் எனக்கு மறக்காது. ஐந்து கம்ப்யூட்டரில் நம் பையன்கள். நீ ஆறாவதில், ஓரத்து மிஷினில் உட்கார்ந்தாய். வேண்டுமென்றே எல்லாரும் சேர்ந்து உன்னை மட்டும் தேடித் தேடிச் சுட்டார்கள். பதினான்கு தடவை செத்தாய். எழுந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாய். வியர்வை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். இவள் இனி இந்தப் படி ஏறமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

அதனால் சர்வர் மிஷினில் எஸ்கேப் சாவிக்குக் கீழே இருக்கும் அந்தச் சாவியைத் தட்டினேன். திரையின் பாதிவரைக்கும் கறுப்புப் பெட்டி இறங்கும். அதுதான் கன்சோல். விளையாட்டுக்குள் இருப்பவனுக்குச் சட்டம் உண்டு. அந்தப் பெட்டியைத் திறந்தவனுக்குக் கிடையாது. சுவர் வழியே நடக்கலாம், தோட்டாவே தீராது, யாரை வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். நான் அதையெல்லாம் எனக்காக ஒரு நாளும் செய்ததில்லை, அம்மன் சத்தியமாக. உன் பெயருக்கு எதிரே ஒரே வரி அடித்தேன்.

அடுத்த ரவுண்டில் நீ அவர்களை ஒன்பது தடவை சுட்டு வீழ்த்தினாய். மானிட்டரைப் பார்த்துச் சிரித்தாய். அதற்கப்புறம் அந்த வரியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று இரண்டு வருஷம் போய்விட்டது. நீ சென்னைக்குப் போய் அங்கிருந்து நம் சர்வருக்குள் வரும்போதும் நான்தான் தட்டி வைப்பேன்.

வெளியே போய் ஆடுவாய் என்று யோசிக்கவில்லை. அது என் தப்பு. ஆனால் இதற்குப் போய் நம்பரை பிளாக் செய்வதா? விளையாட்டு தானே கலை. யாருடைய சோற்றையும் தட்டிப் பறிக்கவில்லையே.

உங்கள் வீட்டில் எல்லாரும் நலம். மாமா வலை ஓரத்துக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறார். ஆகஸ்டு எட்டு, ஆடி நாலாம் வெள்ளி, இந்த வருஷப் பாடு குலுக்கல். கோயிலில் திரை கட்டிவிடச் சொல்லித் தலைவர் சின்னதம்பி இப்போதே சொல்லிவிட்டார். நீயும் வருவாய்தானே.

என்றும் உன் நலம் நாடும்,
பூவரசன்

•

சென்னை
17.7.2025

பூவரசனுக்கு,

உன் கடிதத்தை ஜெனிஃபரிடம் படித்துக் காட்டினேன். கோபப்படாதே, அவள்தான் என்னோடு தூங்காமல் கிடந்தவள். எல்லாம் கேட்டுவிட்டு, "பாடுன்னா இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

விளக்கிச் சொன்னேன். ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர், இஷ்டத்துக்கு யாரும் எங்கேயும் கட்ட முடியாது, முப்பத்திரண்டு குடும்பத்துக்கு முப்பத்திரண்டு இடம், வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் முன்னால் குலுக்கிப் பிரிப்போம் என்றேன். கடல் ஏரிக்குள் நுழைகிற முகத்துவாரத்துப் பாடு கிடைத்தவனுக்கு இறால் வலை நிறைய வரும், மேட்டுப் பாடு கிடைத்தவனுக்கு முழங்கால் தண்ணீரும் பாசியும்தான் என்றேன். முன்பெல்லாம் பானையில் சீட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோபால் சித்தப்பா "சீட்டோட மடிப்புல வித்தியாசம் கீது"ன்னு சொல்லி, கோயிலிலேயே கைகலப்பாகி, அதற்கப்புறம் தலைவர், "கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் கெடையாது, அதுவே குலுக்கட்டும்" என்று முடிவு செய்தார் என்றேன்.

ஜெனிஃபர் கேட்டாள், "அந்தக் கம்ப்யூட்டர் யாரோடது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நான் பார்த்த ஒன்று கண் முன்னால் வந்தது.

முதல் வருஷக் குலுக்கலில் மைக்கில் பெயர் வாசித்தவள் நான். உன் இடது பக்கம் ஒட்டி நின்றேன். நீ குலுக்கல் பட்டனைத் தட்டினாய். பெரிய திரை இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த இடைவெளியில் உன் இடது கைச் சுண்டுவிரல் மேல் மூலைக்குப் போனது. எஸ்கேப் சாவிக்குக் கீழே. ஏதோ தட்டினாய். அப்புறம்தான் திரையில் பட்டியல் வந்தது. விளையாட்டில் ஊறிய கை, பழக்கதோஷம் என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்களுக்கு முகத்துவாரத்துப் பாடு வந்தது. அடுத்த வருஷமும். நைனா சந்தோஷத்தில் திரை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்ததே அந்த இறாலில். எழுதுகிற இந்தப் பேனாகூட.

குலுக்கல் மிஷினிலும் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதா?

இல்லை என்று எழுது. இல்லை என்று எழுதினால் நம்பத் தயாராக இருக்கிறேன். இவ்வளவு கெஞ்சி யாரிடமும் கேட்டதில்லை.

கலை

•

வேம்படிக்குப்பம்
20.7.2025

கலை,

அதை மட்டும் கேட்காதே.

பூவரசன்

•

வேம்படிக்குப்பம்
22.7.2025

கலை,

முந்தாநாள் போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தபால் ஆபீசில் போய் நின்றேன். முடியாதாம். நீ காகிதத்தில் எழுதச் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் உறைத்தது.

இருக்கிறது.

குலுக்கல் புரோகிராமை எழுதும்போது விளையாட்டில் இருப்பது மாதிரியே ஒரு கன்சோல் வைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பெயர் இரண்டு முறை வந்துவிட்டால் திருத்த வேண்டுமே என்று வைத்தேன். இரண்டு பெயரை இடம் மாற்ற ஒரு கட்டளை. அதே சாவிதான், கைக்குப் பழக்கம் என்பதால்.

முதல் வருஷம் பட்டியல் என் லேப்டாப்பில் வந்தது. திரைக்கு அனுப்பவில்லை. உன் நைனாவுக்கு மேட்டுப் பாடு. அதற்கு முந்தின வாரம் அவர் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. "இந்த வருசமும் மேடாச்சின்னா பொண்ண மீஞ்சூரு கம்பெனிக்கு அனுப்பிட்றேன்டா, படிச்ச வரிக்கும் போதும்." நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வாசிக்கவா மாமா?" என்றாய். முகத்துவாரம் யாருக்கு என்று பார்த்தேன். கோபால் மாமாவுக்கு. ஒரு வரி அடித்தேன். இரண்டு பெயரும் இடம் மாறின. வாசி என்றேன்.

இதுவரைக்கும்கூட உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அடுத்ததைத்தான் பேனாவால்கூடச் சொல்ல முடியவில்லை.

கோபால் மாமாவுக்கு மேட்டுப் பாடு வந்ததும் ஊர் என்ன பேசியது என்று உனக்கு நினைவிருக்கும். சீட்டில் மோசம் என்று அம்மன் முன்னால் பொய் சொன்னான், அம்மன் காட்டிவிட்டாள் என்றார்கள். அவரும் அதையே நம்பினார். நான் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் முகத்துவாரம் வேறொருவருக்கு விழுந்தது. உன் நைனாவுக்கு மறுபடியும் மேடு. அந்த ஆளைத் தூக்கி மேட்டில் போட்டால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பார். கோபால் மாமா பட்டியலின் நடுவில் நல்ல இடத்தில் இருந்தார். அவர் பெயர் மேட்டில் வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அவரே கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மூன்று பெயரைச் சுற்றினேன். உன் நைனா முகத்துவாரத்துக்கு, முகத்துவாரக்காரர் நடு இடத்துக்கு, கோபால் மாமா மேட்டுக்கு.

முதல் தடவை அவசரத்தில் செய்தேன். இரண்டாம் தடவை யோசித்துச் செய்தேன்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

பூவரசன்

•

சென்னை
28.7.2025

பூவரசனுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாம் தடவை யோசித்துச் செய்தேன் என்ற வரி வந்ததும் மடித்து வைத்துவிடுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் ஏறி மீஞ்சூர் போனேன். கோபால் சித்தப்பா படகை விற்றுவிட்டு அங்கே ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தாள். விசாரித்துக் கண்டுபிடித்தேன். காக்கிச் சட்டையில் கேட் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்ற மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததே இல்லையே நான்.

"துளசிங்கம் பொண்ணா? ஊட்ல அல்லாரும் நல்லா கீறாங்களா? இந்த வாட்டியும் நைனாவுக்கு நல்ல பாடு வரும் பாரு. அம்மனுக்கு அவன் மேல ஆசை."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏன் சித்தப்பா ஊரை விட்டு வந்தீர்கள் என்றேன்.

"ரெண்டு வாட்டி மோளம் அடிச்ச மாதிரி சொல்லிட்டாளே. ஒரு வாட்டின்னா தற்செயல்னு உடலாம். மொத வருசம் மேடு வந்துச்சே, அதுக்காவ போன ஆடில அலகு குத்திக்கினேன், தீ மிதிச்சேன். நாலு நாள் கழிச்சிக் குலுக்கல். அப்பவும் மேடு. என்னை வேணாம்னு சொல்லிட்டா. வேணாம்னு சொன்ன எடத்துல எப்பிடிம்மா வலை கட்றது?"

இரண்டு கன்னத்திலும் அலகு குத்திய தழும்பு. ஒரு பக்கம் சீழ் பிடித்து ஆறியதாம், வாய் கொஞ்சம் கோணிக்கிடக்கிறது. ஜமுனா சித்தி இரண்டு வருஷமாகக் கோயில் வாசல் மிதிக்கவில்லையாம். "எந்த மொகத்த வெச்சிக்கினு போவா?" என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். குடிக்காமல் எப்படி எழுந்து வருவது?

அவர் கன்னத்தில் குத்திய அலகை நீ பக்கத்தில் நின்று பார்த்தாய், பூவரசன். நான்கு நாள் கழித்து அவர் பெயரை மேட்டுக்குத் தள்ளினாய்.

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. ஆகஸ்டு எட்டாம் தேதி ஊர் முழுக்கக் கோயிலில் இருக்கும். மைக்கும் இருக்கும். நீ சொல்ல வேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

கலைவாணி

•

வேம்படிக்குப்பம்
1.8.2025

கலை,

சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? என்னை விடு. உன் நைனாவுக்குத் தெரியாமல் நடந்தது என்று எவன் நம்புவான்? மாமனும் மருமகனும் சேர்ந்து செய்ததாகத்தான் ஊர் பேசும். உங்கள் வலை ஏரியில் இறங்க விடமாட்டார்கள். உன் படிப்பு பாதியில் நிற்கும். எதற்காக இதையெல்லாம் செய்தேனோ அதுவே போய்விடும்.

ஒரு வழி இருக்கிறது. நன்றாக யோசித்துப் பார்த்தேன். கோபால் மாமா பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை முகத்துவாரத்துப் பாட்டை அவருக்கே போட்டுவிடுகிறேன். ஒரே வரி. அம்மன் மன்னித்துவிட்டாள் என்று ஊரே சொல்லும். அவரும் திரும்பி வருவார், ஜமுனா அத்தையும் கோயிலுக்கு வருவாள். அதற்கப்புறம் அந்தக் கன்சோலையே அழித்துவிடுகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை.

சரி என்று மட்டும் சொல்.

பூவரசன்

•

சென்னை
4.8.2025

பூவரசனுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். உனக்கு இன்னும் புரியவே இல்லை. செய்த மோசத்துக்குப் பரிகாரமாக இன்னொரு வரி அடிக்கப் போகிறாய். அம்மன் பெயரில் தண்டனை கொடுத்தாய், இப்போது அம்மன் பெயரில் மன்னிப்பும் நீயே கொடுப்பாய். என்னைச் சாகாத நண்டு ஆக்கினாய், அவரைச் சபிக்கப்பட்டவர் ஆக்கினாய். எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று ஊருக்கு வந்தேன். உன் சென்டர் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே வரவில்லை. நேராகக் கரைக்குப் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அந்த எறா நம்புளுது இல்லியா?"

இல்லை நைனா என்றேன். போட்ட முடிச்சை எல்லாம் அவிழ்க்க ஆரம்பித்தார். சாப்பிடவில்லை. நான் கிளம்பும்போது, "வெள்ளிக்கெழமை அவன் சொல்லலன்னா நான் சொல்றேன். நீ பரீச்சைக்குப் படி" என்றார்.

திரும்பும் வழியில் மீஞ்சூரில் இறங்கி, கோபால் சித்தப்பாவை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றார். காலில் விழுந்தேன், அதற்கப்புறம் சரி என்றார்.

நான் வரமாட்டேன். நான் அங்கே நின்றால் எனக்காகச் சொல்வாய். இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் எனக்காகவே செய்தாயிற்று. இதையாவது நீயாகச் செய்.

கலைவாணி

•

வேம்படிக்குப்பம்
10.8.2025

கலை,

சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் திரை கட்டினேன். முப்பத்திரண்டு குடும்பமும் வந்திருந்தது. கோபால் மாமா கடைசித் தூணுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், யாராவது போகச் சொன்னால் உடனே போய்விடுபவர் மாதிரி. தலைவர், "குலுக்குப்பா" என்றார். நான் மைக்கை எடுத்தேன். வீட்டில் எழுதிப் பாடம் செய்து வைத்திருந்தது ஒரு வார்த்தைகூட வரவில்லை. "கொலுக்கல்ல நான் பேரை மாத்தினேன், ரெண்டு வருசமும்" என்று மட்டும் சொன்னேன்.

அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். புரியவில்லை அவர்களுக்கு. தலைவர், "மிசின்ல எப்பிடிப்பா மாத்த முடியும்? அது தானா பண்றதாச்சே" என்றார். அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுகூடத் தோன்றியது. தலையாட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

போன வருஷப் பட்டியலைப் பெரிய திரையில் போட்டு அந்தச் சாவியைத் தட்டினேன். கறுப்புப் பெட்டி இறங்கியது. கோபால் மாமா பெயரையும் உன் நைனா பெயரையும் போட்டு ஒரு வரி அடித்தேன். பட்டியலில் ஒன்று மேலே போனது, ஒன்று கீழே வந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது. என் அம்மா "அய்யோ" என்று ஒரு தடவை சொன்னாள்.

கோபால் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கை ஓங்குவார் என்று கண்ணை மூடினேன். பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "இன்னொரு வாட்டி போடு" என்றார்.

போட்டேன். பெயர்கள் திரும்ப இடம் மாறின.

"இன்னொரு வாட்டி."

போட்டேன். அவர் பெயர் முகத்துவாரத்துக்குப் போனது. மேட்டுக்கு வந்தது. மறுபடி போனது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கண் அந்தப் பெயரோடு மேலே போய்க் கீழே வந்தது. கடைசியில் என் விரல் வரவில்லை கலை, அழுதுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கருவறைப் பக்கம் திரும்பி, "அப்போ நீ எம்மேல கோவமாவே இல்லியா?" என்று கேட்டார். கன்னத்துத் தழும்பை விரலால் தொட்டபடி அதையே கேட்டுக்கொண்டு நின்றார். ஜமுனா அத்தை வாசலுக்கு வெளியே தெருவில் நின்றிருந்தாளாம், அவள் ஓடி வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

அப்புறம் பஞ்சாயத்து. சென்டரை மூடச் சொல்லிவிட்டார்கள், சாவி தலைவரிடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு ஐந்து வருஷம் பாடு இல்லை. என்னிடம் யாரும் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் பேசவில்லை. அம்மா சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

உன் நைனா எழுந்து, "எனக்குத் தெரியாது. ஆனா தின்னது நான்தான். ரெண்டு வருசம் நான் தின்னேன், ரெண்டு வருசம் என் பேரு வாணாம்" என்றார். அவரைச் சந்தேகமாக ஒருத்தரும் பார்க்கவில்லை. இந்த மாசத்திலிருந்து வேறு ஒருவர் படகில் ஆளாகக் கடலுக்குப் போகிறார். உன் படிப்பை நிறுத்தக்கூடாது என்று உன் அம்மாவிடம் சொன்னாராம்.

குலுக்கலை அன்றைக்கே சீட்டில் நடத்தினார்கள். கோயில் பானையைக் கழுவி எடுத்தார்கள். யார் சீட்டு மடிப்பது என்று கேள்வி வந்தது. ஒருத்தரும் முன்வரவில்லை. தலைவர்தான், "கோபாலே மடிக்கட்டும்" என்றார். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி மடித்து, நகத்தால் நீவி, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டிப் பானையில் போட்டார். மத்தியானம் தாண்டிவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வாட்ச்மேன் வேலைக்குத் திரும்பப் போக வேண்டாம் என்று இரண்டு பேர் தங்கள் படகில் பாதியை அவருக்குத் தருவதாகச் சொன்னார்கள்.

ஒவ்வொருவராக வந்து கைவிட்டு எடுத்தார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். கோபால் மாமா கடைசியாக எடுத்தார். பிரித்தார். மேட்டுப் பாடு.

தலைவர், "மறுபடி கொலுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். கோபால் மாமா வேண்டாம் என்று தலையாட்டினார். கோணிய வாயோடு சிரித்தார். அந்தச் சீட்டைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய், "தற்செயலா மேடு வந்துக்குதுப்பா, மேடு" என்று காட்டிக்கொண்டே வந்தார். வாசல்வரைக்கும் வந்து என்னிடமும் காட்டினார்.

பூவரசன்